திரையில் நம் ஊரும் திரையில் நம் சொல்லும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மலேசியத் திரையரங்குகளில் 'ஜகாட்' என்னும் தமிழ்ப் படம் வெளிவந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அப்படத்தின் பெயரைத் தமிழகத்து வாசகர் ஒருவர் கண்டால், 'சகம்', 'ஜகத்து' முதலிய சொற்களை நினைந்து, உலகத்தைப் பற்றிய படம் போலும் என்று கருதக்கூடும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்பெயரை விளக்க வேண்டியதில்லை. கெட்டவன், பொல்லாதவன் என்று பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல், தோட்டப்புறத் தமிழரின் நாவில் புகுந்து 'ஜகாட்' ஆயிற்று. அடங்காத பிள்ளையைப் பெரியவர்கள் ஏசும் சொல் அது.

அச்சொல்லை நம் மாணவன் ஒருவன் தன் கட்டுரையில் எழுதினால் நாம் என்ன செய்வோம்? பெரும்பாலும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுப் 'பிழை' என்று குறிப்போம். நம்மில் பலரும் அவ்வாறே செய்து வந்திருக்கிறோம். ஆனால் அதே சொல்லைத் தலைப்பாகத் தாங்கிய படம், அடுத்த ஆண்டே நாட்டின் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வகுப்பறையில் பிழையாகக் குறிக்கப்படும் சொல், திரையில் ஒரு சமூகத்தின் அடையாளமாக நிற்கிறது. இம்முரணை எங்ஙனம் புரிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் வினா.

இதற்கு விடை காண, தமிழ்ப் பரபரப்புப் படங்களுக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவின் வரலாற்றை நாம் சிறிது பின்னோக்கிச் சென்று காணல் வேண்டும். கொலை, துப்பறிதல், கடத்தல், குண்டர் கும்பல், துரத்தல், சண்டை ஆகியவற்றால் இயங்கும் இவ்வகைப் படங்களைக் கல்வியாளர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எனினும் நம் நாட்டைத் தமிழ்த் திரைக்குப் பலமுறை கொண்டு சென்றவை இவ்வகைப் படங்களே.

அச்சிலிருந்து திரைக்கு

பரபரப்புக் கதை தமிழுக்கு முதலில் அச்சு வழியாகவே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் எழுதிய துப்பறியும் நாவல்கள் பெருவாரியாக விற்பனையாயின. கற்றறிந்தோர் இவற்றை இலக்கியமாக ஏற்கவில்லை. ஆயினும் கதை படிக்கும் பழக்கத்தைப் பொதுமக்களிடையே பரப்பியதில் இந்நூல்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்நாவல்கள் விரைவில் திரைக்கு ஏறின. வடுவூராரின் நாவலைத் தழுவி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில், பின்னாளில் வில்லனாகவே அறியப்பட்ட எம். என். நம்பியார் பல மாறுவேடங்கள் பூண்டு துப்பறியும் கதைத்தலைவனாக நடித்தார். 1954இல் வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் 'அந்த நாள்' படத்தை வெளியிட்டது. பாடல் ஒன்றுகூட இல்லாத அப்படத்தில், சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டுச் சூழலில் ஒரு வானொலிப் பொறியாளர் கொலையுண்டு கிடக்கிறார். கொன்றவர் யார் என்ற வினாவைத் தொடரும் கதை, அவர் ஜப்பானுக்கு உளவு சொன்ன துரோகி என்ற உண்மையில் சென்று முடிகிறது.

சென்னைக்கு அப்போர் ஓர் இரவின் அச்சமாக வந்து சென்றது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அதே போர் மூன்றரை ஆண்டுக்கால ஆட்சியாக நீடித்தது. நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். அவர்களின் கதை அன்றைய தமிழ்த் திரையில் இடம்பெறவில்லை. கதை சொல்லும் கருவிகளும் முதலீடும் சென்னையில் இருந்தன. ஆகவே சென்னையின் அனுபவமே கதையாயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் அனுபவத்தை நம் கருவிகொண்டு சொல்ல நமக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை உணர்வதற்காகவே நினைவுகூர்கிறோம்.

காட்சியாக வந்த மண்

எழுபதுகளில் தமிழ்ப் பரபரப்புப் படம் கடல் கடந்தது. எம்.ஜி.ஆர். தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. மின்னலின் ஆற்றலைத் தேக்கி வைக்கும் வழியைக் கண்டறிந்த அறிவியலறிஞர் ஒருவர், அந்த இரகசியத்தைக் கைப்பற்ற முயலும் தீயவர்கள், அறிஞரைத் தேடிப் புறப்படும் தம்பி என விரியும் கதை அது. சிங்கப்பூர், ஹாங்காங், தாய்லாந்து, ஜப்பான் ஆகிய இடங்களில் படப்பிடிப்பு நிகழ்ந்தது. ஒசாகாவில் 1970இல் நடைபெற்ற உலகக் கண்காட்சியையும் தமிழ் இரசிகர்கள் அப்படத்தின் வழியே கண்டனர்.

அப்படத்தைக் கண்ட நம் முன்னோரின் மகிழ்ச்சியை நாம் எளிதில் ஊகிக்கலாம். தோட்டத்துத் திடலில் வெண்திரை கட்டிப் படம் போடும் நாளில், பால்மரம் வெட்டிக் களைத்தவர்கள் குடும்பத்தோடு பாய் விரித்து அமர்ந்து கண்ட காலம் அது. தமிழ்ப் படம் என்றால் அதில் வருவது தமிழகத்து ஊர். அவர்களுள் பலர் கண்டிராத, பெற்றோர் சொல்லக் கேட்ட ஊர். இப்போது தென்கிழக்காசிய நகரங்கள் தமிழ்த் திரையில் தோன்றின. ஆனால் அந்நகரங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர் கதையில் தோன்றவில்லை. நகரம் கதைத்தலைவன் கடந்து செல்லும் வழியாகவே இருந்தது.

1978இல் எஸ். பி. முத்துராமன் இயக்கத்தில் வெளிவந்த 'ப்ரியா' இன்னும் ஒரு படி நெருங்கி வந்தது. சுஜாதா எழுதிய மூலநாவலில் கதை நிகழும் இடம் லண்டன். திரைக்கதையில் அது சிங்கப்பூராக மாறியது. ரஜினிகாந்த் வழக்கறிஞர் கணேஷாகவும், ஸ்ரீதேவி திரைநடிகை ப்ரியாவாகவும் நடித்தனர். மலேசிய நடிகை அஸ்னா ஹமீதும் அதில் நடித்தார். இளையராஜாவின் இசையில் அமைந்த ஒரு பாடலில் மலாய்ச் சொற்களும் தமிழோடு இணைந்து ஒலித்தன. தமிழ்த் திரைப்பாடலில் மலாய் மொழி ஒலித்தது நம்மவர்க்கு இனிய வியப்பாக இருந்திருக்கும். எனினும் அம்மலாய், காதற்பாட்டுக்கு அயல்நாட்டு மணம் ஊட்டுவதற்கே பயன்பட்டது. தமிழும் மலாயும் அன்றாடம் கலந்து புழங்கும் நம் வாழ்வை அது காட்டவில்லை. லண்டனைச் சிங்கப்பூராக மாற்றியும் கதை ஓடியது என்பதே, அக்கதைக்கு இடம் எந்த அளவு இன்றியமையாதது என்பதைக் காட்டும்.

2007இல் விஷ்ணுவர்தன் இயக்கிய 'பில்லா' வந்தது. 1980இல் ரஜினிகாந்த் நடித்த 'பில்லா' இந்திப் படமான 'டான்' கதையின் தமிழ் வடிவம். அதன் மறுஆக்கத்தில் அஜித்குமார் நடித்தார். புதிய பில்லா மலேசியாவில் வாழும் குற்றவுலகத் தலைவன். கோலாலம்பூரின் வானளாவிய கட்டடங்கள், அகன்ற நெடுஞ்சாலைகள் ஆகியவற்றோடு, அதற்கு முந்திய ஆண்டில் பத்துமலையில் எழுப்பப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் திரையில் தோன்றியது. கதை நிகழும் நாடு இப்போது நம் நாடே. ஆயினும் குற்றவாளியும் அவனைத் தேடும் அதிகாரியும் பேசும் தமிழ் சென்னைத் தமிழே. பத்துமலைப் படிகளின் கீழ் நின்று பேசுவோரின் பேச்சில் 'பசியாறல்' இல்லை; 'வெள்ளி' இல்லை; 'சடக்கு' இல்லை.

இம்மூன்று படங்களையும் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவை தமிழகத்து இரசிகர்க்காக எடுக்கப்பட்டவை. தமக்குரிய பணியைச் செவ்வனே செய்தவை. ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகளில் நம் மண் மூன்று முறை திரையில் வந்தும், நம் நாவு ஒருமுறையும் வரவில்லை என்பதை மொழி வரலாற்றில் அக்கறை உடையோர் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

கதையாக வந்த மண்

2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த 'கபாலி' இந்நிலையை ஓரளவு மாற்றியது. பா. இரஞ்சித் இயக்கிய இப்படத்தில் ரஜினிகாந்த் மலேசியத் தமிழராகவே வருகிறார். தோட்டத் தொழிலாளரின் ஊதியத்திற்காகக் குரல்கொடுத்து எழுந்த இளைஞன், குற்றவுலகில் சிக்கி, மனைவியை இழந்ததாக எண்ணிப் பல்லாண்டு சிறையில் கழித்து, முதியவனாக வெளிவருகிறான். பழைய படங்களில் 'கபாலி' என்பது வில்லன் அழைத்தவுடன் கைகட்டி வந்து நிற்கும் அடியாளின் பெயர். அவ்வழக்கத்தை இப்படத்தின் கதைத்தலைவன் வெளிப்படையாகவே மறுத்துப் பேசுகிறான். நம்பியார் போன்றோர் நடித்த படங்களில் ஓரத்தில் நின்றவன் இங்கு நடுவில் வந்து அமர்கிறான்.

இப்படத்திற்குப் பின்னணியாக உள்ள வரலாறு கற்பனையன்று. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து ஆள் கொணர்வது 1938இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் மலாயாவின் கித்தாத் தோட்டங்கள் தமிழரின் உழைப்பில் வேரூன்றியிருந்தன. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் ஊதிய உயர்வும் மதிப்பான நடத்தையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். படை கொண்டு அது அடக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949இல் தூக்கிலிடப்பட்டார். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும் போனபோது, லயன் வீடுகளிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் நகரங்களின் ஓரத்துப் புறம்போக்கு நிலங்களில் குடியேறின. நிலையான வேலையும் வீடும் இல்லாத அக்குடியிருப்புகளில் வளர்ந்த இளைஞர் சிலரைக் குண்டர் கும்பல்கள் ஈர்த்தன.

படத்தில் கபாலியின் வழிகாட்டியாக வரும் தலைவரின் பெயர் தமிழ்நேசன். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன நம் நாளிதழின் பெயரும் அதுவே என்பதை நம் வாசகர் உடனே நினைவுகூர்வர். கபாலி அடிக்கடி சொல்லும் 'மகிழ்ச்சி' என்னும் ஒற்றைச் சொல், படம் வெளிவந்த நாள்களில் இளையோர் பலரின் வாயில் ஒலித்தது. ஆங்கிலச் சொல்லோ வடசொல்லோ வரக்கூடிய இடத்தில் ஒரு தூய தமிழ்ச்சொல், குண்டர் தலைவனின் வாய்மொழியாகப் பரவியது. மொழி இயக்கங்கள் ஆண்டுக்கணக்கில் முயன்று செய்வதைத் திரைப்படம் சில வாரங்களில் செய்துவிட்டது. திரையின் இவ்வாற்றலை ஆசிரியர்கள் குறைத்து மதிப்பிடலாகாது.

மலேசியாவில் இப்படம் தமிழில் மட்டுமன்றி மலாய் மொழிமாற்றத்திலும் திரையிடப்பட்டது. தமிழகத்தில் காட்டப்பட்ட படியின் முடிவு, துப்பாக்கி ஒலியோடு ஐயத்திற்கு இடமளித்து நின்றது. மலேசியப் படியில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் வாசகம் இறுதியில் சேர்க்கப்பட்டது. கதை நிகழும் நாட்டில் அக்கதையைக் காண்போர்க்கு அது வெறும் கதையன்று என்ற அச்சமே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

ஆக, நம் மண் கதையாக வந்தது. ஆயினும் மொழி முழுமையாக வந்ததா எனில் இல்லை என்றே சொல்லல் வேண்டும். முதன்மைப் பாத்திரங்களை ஏற்றோர் பெரும்பாலும் தமிழகத்துக் கலைஞர்கள். நம் ஊர்ச்சொற்கள் ஆங்காங்கே தலைகாட்டினும், உரையாடலின் நடையும் ஓசையும் தமிழகத்தைச் சார்ந்தே அமைந்தன.

சொல்லாக வந்த மண்

'ஜகாட்' கபாலிக்கு ஏழு மாதங்கள் முந்தியது. செலவிலும் பெயரிலும் மிகச் சிறியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தோட்டத்தை இழந்து புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம்; அதில் அப்போய் என்று அழைக்கப்படும் சிறுவன்; படித்து முன்னேற வேண்டும் என்று அடித்துத் திருத்த முயலும் தந்தை மணியம்; குண்டர் கும்பலில் சேர்ந்து 'மெக்சிகோ' என்று பட்டப்பெயர் பெற்ற சித்தப்பா. பில்லாவும் கபாலியும் குற்றவுலகத்தின் தலைவனைக் காட்டின. இப்படம் அவ்வுலகத்தின் வாயிலில் நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளையைக் காட்டுகிறது. அவன் மந்தமானவன் அல்லன். துடிப்பும் கற்பனையும் உடையவன். ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் அவனை எதிர்கொள்வது பிரம்பே. அவனைக் கேட்க முன்வராத உலகம், அவனைப் பெயரிட்டு அழைக்க மட்டும் முன்வருகிறது. அப்பெயரே படத்தின் தலைப்பு.

இப்படத்தில் வருவோர் நம்மைப் போலவே பேசுகின்றனர். மலாயும் ஆங்கிலமும் தமிழோடு கலந்து வரும் பேச்சு, நகைச்சுவைக்காகவோ அயல்மணத்திற்காகவோ இடப்பட்டதன்று. அப்பா மகனை ஏசும் மொழியும், நண்பர்கள் தம்முள் பேசும் மொழியும் அதுவே.

2016இல் நடைபெற்ற 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் இப்படம் ஒரு விவாதத்திற்கும் காரணமாயிற்று. தேசிய மொழியல்லாத மொழிகளில் எடுக்கப்பட்ட படங்களைத் தனிப் பிரிவில் வைத்ததைப் பல்லினக் கலைஞர்களும் எதிர்த்தனர். மலாய்க் கலைஞர்களும் அவ்வெதிர்ப்பில் முன்னின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. இறுதியில் சிறந்த மலேசியப் படம் என்னும் விருதுக்கு மொழிவேறுபாடு நீக்கப்பட்டது. அவ்விருது 'ஜகாட்' படத்திற்கே கிடைத்தது. தமிழில் பேசும் படமும் மலேசியப் படமே என்பது அவ்வாறு ஏற்கப்பட்டது. பினாங்கு இலவசப் பள்ளியில் 1816இல் தமிழ் வகுப்புத் தொடங்கியதைக் கணக்கிட்டு, இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டை நாம் கொண்டாடியதும் அதே 2016ஆம் ஆண்டில்தான்.

நன்னூல் காட்டும் வழி

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 'ஜகாட்' பிழையா?

மலாய்ச் சொல்லில் இடையில் நிற்பது ஹகரம். தமிழர் நாவில் அது ககரமாயிற்று. இது கல்லாதோர் செய்த சிதைவு என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் பவணந்தி முனிவரின் நன்னூல், வடசொற்கள் தமிழாகும் முறையைப் பதவியலில் விளக்கும்போது, ஹகரம் அகரமாகவும் ககரமாகவும் திரியும் என்று விதிக்கிறது. 'ஹரன்' என்பது 'அரன்' ஆனதும், 'மோஹம்' என்பது 'மோகம்' ஆனதும் அவ்விதியின்படியே. நாம் நாள்தோறும் எழுதும் 'சகோதரர்', 'மகாத்மா' ஆகிய சொற்களிலும் அதே திரிபு உள்ளது. கித்தா மரத்தடியில் நின்ற ஒரு பால்வெட்டுத் தொழிலாளி நன்னூலைக் கற்றிருக்கமாட்டார். ஆயினும் அவருடைய நாவு, நன்னூல் பதிவுசெய்த அதே ஒலிமரபைப் பின்பற்றியது. முதலெழுத்தாகிய ஜகரம் சகரமாக மாறவில்லை என்பதும், வல்லின மெய் ஈற்றில் நிற்பது தமிழ் மரபன்று என்பதும் உண்மையே. பேச்சில் அவ்வீறு உகரம் பெற்று ஒலிப்பதை நாம் கேட்கலாம். மாற்றம் பாதி வழியில் உள்ளது. ஆனால் செல்லும் வழி தமிழின் வழியே.

இன்னும் ஒரு செய்தி நம் சிந்தனைக்கு உரியது. தொல்காப்பியம் தமிழ்ச் செய்யுளில் வழங்கும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தது. நன்னூல், செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளின் சொற்களோடு, வேற்றுமொழி வழங்கும் பதினேழு நிலங்களிலிருந்து வரும் சொற்களையும் திசைச்சொல்லில் அடக்கியது. அந்நிலங்களைப் பெயர் சுட்டிக் கூறும் பழைய உரைமரபில் சாவகம், கடாரம் ஆகியவையும் இடம்பெறுகின்றன. சாவகம் என்பது சாவா முதலிய தீவுகளைக் குறிக்கும். கடாரம் நம் கெடா மாநிலம். கடாரத்துச் சொல் தமிழில் புகும் என்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்பார்த்திருந்தனர். கித்தா, கம்பம், ஜகாட் ஆகிய சொற்களை 'மலாய்க் கலப்பு' என்று மட்டும் ஒதுக்குவது நம் இலக்கண மரபையே மறப்பதாகும். அவற்றிற்குத் திசைச்சொல் என்னும் பெயர் முன்பே உண்டு.

நியாயமான ஐயங்கள்

இக்கருத்துக்கு மறுப்புகள் எழுதல் இயல்பு. அவற்றுள் இரண்டை நாம் நேர்மையோடு எதிர்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, குண்டர் கும்பல்களைக் காட்டும் படங்களை மாணவரிடம் கொண்டுசெல்லலாமா என்பது. 2013ஆம் ஆண்டு மலேசிய உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. நம் இளைஞர் பலர் அவற்றில் இருந்தனர் என்பது நமக்கு வேதனை தந்த செய்தி. திரையில் கோட்டும் கருங்கண்ணாடியும் அணிந்து நடக்கும் தலைவனைக் கண்டு மயங்கும் பிள்ளைகள் உண்டு. ஆகவே எல்லாப் படங்களையும் ஒன்றாக எண்ணலாகாது; மாணவரின் வயதும் கருதத்தக்கது. வன்முறையை அழகாக்கிக் காட்டும் படம் வேறு. வன்முறைக்குப் பிள்ளை எவ்வாறு இழுக்கப்படுகிறான் என்று காட்டும் படம் வேறு. இவ்வேறுபாட்டைக் காணும் கண்ணை மாணவர்க்குத் தருவது தடையைவிடப் பயனுடையது. மாணவர் இப்படங்களை நாம் இல்லாத இடங்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டாவது, ஊர்ச்சொல்லுக்கு இடமளித்தால் செந்தமிழ் கெட்டுவிடாதா என்பது. இவ்வச்சமும் பொருளற்றதன்று. எழுத்துத் தமிழ் ஒன்றாக இருப்பதால்தான் யாழ்ப்பாணத்தாரும் மதுரையாரும் ஈப்போவிலுள்ளாரும் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்க முடிகிறது. அப்பொதுமையை இழக்க நாம் விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கற்பிப்பதற்கு மற்றொன்றை இழிவுபடுத்த வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் பேசப்படாத மொழி நாளடைவில் தேர்வுக்குரிய பாடமாகச் சுருங்கிவிடும் என்ற கவலையே அதன் அடிப்படை. எழுதும் தமிழும் பேசும் தமிழும் வெவ்வேறு இடங்களுக்கு உரியவை என்று மாணவன் தெளிந்தால், இரண்டையும் அவன் இழக்கமாட்டான்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை

நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. மாணவன் கட்டுரையில் 'ஜகாட்' என்றோ 'சடக்கு' என்றோ எழுதும்போது, வெறுமனே அடித்துவிடாமல் அருகில் 'திசைச்சொல்' என்று எழுதுவோம். பொதுத்தமிழில் 'பொல்லாதவன்' என்றும் 'சாலை' என்றும் எழுதுவதற்கு வழிகாட்டுவோம். அவன் படைப்பது சிறுகதையாயின், பாத்திரம் பேசும் இடத்தில் ஊர்ச்சொல்லை அவ்வாறே நிற்க விடுவோம். இவ்வளவு செய்தாலே, தன் பாட்டியின் பேச்சு பிழையானது என்ற எண்ணம் அவனிடம் தோன்றாது.

மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டு. உங்கள் வீட்டிலுள்ள முதியோரிடம் அமர்ந்து, அவர்கள் தோட்டத்தில் வழங்கிய சொற்களைக் கேட்டு எழுதுங்கள். மண்டோர், கிராணி, பெரட்டு, ஒட்டுப்பால் என்று ஒவ்வொன்றாக வரும். சொல், அதன் பொருள், அது வந்த மொழி, அதைச் சொன்னவர் வாழ்ந்த தோட்டம் ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். பல தோட்டங்கள் இன்று வரைபடத்திலேயே இல்லை. அவற்றின் பேச்சை நினைவில் வைத்திருப்போர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். எந்த அகராதிக் குழுவும் உங்கள் பாட்டியின் வீட்டுக்கு வந்து கேட்கப்போவதில்லை, நீங்கள்தாம் கேட்கவேண்டும்.

'ஜகாட்' படத்துச் சிறுவனை அவனைச் சூழ்ந்தோர் ஒற்றைச் சொல்லில் அடைத்து விட்டனர். அவன் என்ன சொல்ல விரும்பினான் என்று எவரும் பொறுமையோடு கேட்கவில்லை. நம் வகுப்பறைகளிலும் அத்தகைய பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் வாய்திறப்பது வீட்டில் பழகிய தமிழில்தான். அத்தமிழைத் திருத்துவதற்கு முன் ஒருமுறை முழுதாகக் கேட்போம்.